பக்கத்துக்கு 20 ஊர் வரணும், 7 தான் வருது: ட்ரூபல் மாட்யூல் கொயரியில் சிக்கல்

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள், இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன், கொஞ்சம் கை கொடுங்க.

நாங்க அஞ்சு பேர் சேர்ந்து பழைய வட ஆற்காடு ஊர்களுக்குன்னு ஒரு தளம் நடத்துறோம். ஊருக்கு ஒரு பக்கம். ஏரி, கோயில், கல்வெட்டு, சந்தை நாள், ஊர்ப்பெயர்க் காரணம்னு கிடைக்கிறதை எல்லாம் சேர்க்கிறோம். தளத்தை ஓட்டுற மென்பொருள் ட்ரூபல் 10, சர்வர்ல டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. ஊர்களைப் பட்டியல் போட்டுக் காட்ட ஒரு கட்டற்ற மாட்யூலை (ட்ரூபலோட சேர்க்கிற துணை நிரல்) பயன்படுத்துறோம். அதைப் பராமரிக்கிறவர் ஒரே ஆள், சம்பளமில்லாம செய்யறவர். அதனால இங்கே பேர் சொல்லி இழுக்க விரும்பலை. பிழையைச் சரி பண்ணி அவருக்கே அனுப்பணும்னுதான் ஆசை.

மாவட்டத்தை டாக்சானமி டேகா, அதாவது வகைப்படுத்துற குறிச்சொல்லா, வச்சிருக்கோம். நம்ம பக்கத்து ஊர்களுக்கு ஒரு டேக் போதாது. 1989 வரைக்கும் வட ஆற்காடு. அப்புறம் திருவண்ணாமலைப் பக்கம் பிரிஞ்சு போக, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர். பிறகு அதுவே வேலூர். 2019-ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாச்சு. ஆக அணைக்கட்டுக்கு 3 டேக், அரக்கோணத்துக்கு 4 டேக்.

போன வாரம் இந்த அஞ்சு மாவட்டப் பேரையும் "வட ஆற்காடு வட்டாரம்" என்கிற தாய் டேகுக்குக் கீழே கொண்டுவந்தோம். அதைத் தேர்ந்தெடுத்தா அஞ்சுல எது இருந்தாலும் ஊர் வரணும். வருது. ஆனா பக்கத்துக்கு 20 ஊர்னு அமைப்புல இருக்க, முதல் பக்கத்துல 7 ஊர்தான் நிக்குது. கடைசி ஊர் ஊசூர், ரெண்டாம் பக்கத்துத் தலையிலும் ஊசூர். கீழே 33 பக்கம்னு காட்டுது. எங்ககிட்ட அவ்வளவு ஊரே இல்லை. ஒரே மாவட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்தா எல்லாம் சரியா வருது.

கேஷ் கிளியர் பண்ணியாச்சு. வேற எங்கே பார்க்கறது?

சத்துவாச்சாரி_19 | திங்கள், இரவு 9:31

அண்ணா, டுப்ளிகேட் ரோ, அதாவது ஒரே ஊருக்குப் பல வரி, வருதுன்னு நினைக்கிறேன். கொயரியில (டேட்டாபேஸ்கிட்ட கேட்கிற கேள்வியில) ஒரே மாதிரி ரோவை நீக்குற டிஸ்டிங்க்ட் போட்டுப் பாருங்க.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள், இரவு 9:58

போட்டேன் தம்பி. ஒரு மாற்றமும் இல்லை, அதே 7 ஊர், அதே 33 பக்கம். டுப்ளிகேட்னா திரையிலயே ஒரே ஊர் ரெண்டு மூணு தடவை தெரியணுமே? திரையில ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் இருக்கு.

வாலாஜா_டிபி | திங்கள், இரவு 10:20

திரையை நம்பாதீங்க. ட்ரூபல்ல உங்க ஊர்ப் பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு நோடு. பல நோடை ஒண்ணா எடுக்கிற லோட்மல்டிபிள் கூப்பிட்டா நோடு எண்ணையே சாவியா வச்சுத்தான் பதில் வரும். அரக்கோணத்தோட எண்ணை நாலு தடவை கொடுத்தாலும் ஒரு அரக்கோணம்தான் திரும்பி வரும். டேட்டாபேஸ் 20 ரோ கொடுத்திருக்கும், அது திரைக்கு வரும்போது 7 ஆச்சு.

பிழை தேட உதவுற டெவல் மாட்யூல் போட்டிருந்தா, அதுல இருக்கிற டிபிக்யூ வச்சு முழுக் கொயரியையும் அச்சடிங்க. அதை நேரா மைஎஸ்க்யூஎல்ல ஓட்டி, வர்ற ரோவை ஒண்ணொண்ணா எண்ணுங்க. ஊகம் அப்புறம் வச்சுக்கலாம்.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள், இரவு 11:47

அக்கா, எண்ணிட்டேன். நீங்க சொன்னதுதான். முதல் 20 ரோ இப்படி வருது:

அணைக்கட்டு 3, அரக்கோணம் 4, ஆம்பூர் 4, ஆரணி 1, ஆற்காடு 4, இலவம்பாடி 3, ஊசூர் 1. கூட்டினா சரியா 20. ஊசூருக்கு 3 வரணும், மிச்சம் 2 அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சு. அதனாலதான் அங்கேயும் ஊசூர்.

ஆரணி ஏன் ஒண்ணுன்னு முதல்ல புரியலை. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. ஆரணி 1989-லயே திருவண்ணாமலைப் பக்கம் போயாச்சு. நம்ம அஞ்சு டேகுல "வட ஆற்காடு" ஒண்ணுதான் அதுக்கு உண்டு. ஆக எத்தனை டேக் பொருந்துதோ அத்தனை ரோ. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி நாலு நாலா வந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆரணிதான் காட்டிக் கொடுத்துச்சு.

மொத்தம் 643 ரோ. அதான் 33 பக்கம்.

கொயரி வாக்கியம் இது: நோடு டேபிளை, எந்த நோடுக்கு எந்த டேக்னு வச்சிருக்கிற டாக்சானமி இண்டெக்ஸ் டேபிளோட ஜாயின் பண்றான் (இணைக்கிறான்). டேக் எண் இந்த அஞ்சுல ஒண்ணா இருக்கணும்னு நிபந்தனை. தலைப்பு வாரியா அடுக்கி 20-க்கு லிமிட். செலக்ட் பட்டியல்ல நோடு எண், தலைப்பு, கூடவே டேக் எண்.

வாலாஜா_டிபி | செவ்வாய், காலை 6:40

அந்த "கூடவே டேக் எண்"தான் டிஸ்டிங்க்டைக் கெடுக்குது. டிஸ்டிங்க்ட் முழு ரோவையும் பார்க்கும். அரக்கோணம்–வேலூர், அரக்கோணம்–ராணிப்பேட்டை ரெண்டும் அதுக்கு வேற வேற ரோ. எதையும் தள்ளாது.

எதுக்கு அந்த ஃபீல்டை எடுக்கிறாங்க?

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், காலை 7:05

ஊர்ப்பேர் பக்கத்துல மாவட்டப் பேரைச் சின்ன எழுத்துல காட்டறதுக்கு.

குடியாத்தம்_தறி | செவ்வாய், காலை 8:15

நான் இதே மாட்யூலை வச்சு எங்க நெசவாளர் சங்கப் பட்டியல் போட்டிருக்கேன். எனக்கும் இதே தொல்லை வந்தது. ஒரே நோடு எண் உள்ள ரோவை எல்லாம் ஒண்ணாக்க ஒரு குரூப் பை போட்டேன், முடிஞ்சுது. எட்டு மாசமா ஓடுது.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், பகல் 12:40

போட்டேன் அண்ணே. பக்கமே வரலை, 1055 பிழை. டேக் எண் குரூப் பையில இல்லை, அதனால செலக்ட்ல வைக்க முடியாதுன்னு திட்டுது.

குடியாத்தம்_தறி | செவ்வாய், பகல் 1:10

என்கிட்ட இருக்கிற டேட்டாபேஸ் மரியாடிபி. அதுல அந்தப் பிழை வர்றதில்லை. மைஎஸ்க்யூஎல்ல ஒன்லி ஃபுல் குரூப் பைனு ஒரு மோடு இருக்கும், அதை எடுத்து விட்டுடுங்க.

வாலாஜா_டிபி | செவ்வாய், பகல் 1:32

தயவுசெஞ்சு எடுக்காதீங்க. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். எட்டு வருஷமா இதே மாதிரி இடங்களைத் தோண்டித்தான் என் வேலையே போகுது.

மைஎஸ்க்யூஎல் 5.7-ல இருந்து அந்த மோடு இயல்பாவே போட்டிருக்கும். மரியாடிபில இயல்பா கிடையாது. அதனாலதான் ஒரே கொயரி அங்கே ஓடுது, இங்கே நிக்குது. அண்ணே, உங்களுக்கு ஓடுதுங்கறதால அது சரின்னு ஆயிடாது. நாலு ரோவை ஒண்ணாக்கும்போது டேக் எண்ணுக்கு நாலுல எதை எடுக்கணும்னு நீங்க சொல்லலை. டேட்டாபேஸ் தனக்குக் கைக்கு வந்ததை எடுக்கும். இன்னிக்கு ஒண்ணு, இண்டெக்ஸ் மாறினா நாளைக்கு வேற ஒண்ணு. பிழைச் செய்தி வந்தா யாராவது கவனிப்பாங்க. தப்பான பதில் சத்தமில்லாம வந்தா யார் கவனிப்பாங்க?

திருவலம்_ஆசிரியர் | செவ்வாய், மாலை 4:20

தம்பி, நான் கணினிக்காரன் அல்லேன். இத்தளத்துக்கு ஊர்க்குறிப்பு எழுதுபவன். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். மதியம் சோதனைத் தளத்தில் நீங்கள் ஏதோ மாற்றியிருந்தீர்கள் போலும். பட்டியல் ஒழுங்காக வந்தது, எண்ணிக்கையும் குறைந்திருந்தது. ஆனால் அரக்கோணத்தின் பக்கத்தில் "வட ஆற்காடு அம்பேத்கர்" என்று இருந்தது. ஆம்பூருக்கு "வேலூர்" என்று இருந்தது. இன்று ஆம்பூரில் ஒரு மாணவன் இதைப் பார்த்துத் தன் பள்ளிக் கட்டுரையில் அப்படியே எழுதினால் அது நம் பிழை.

மாவட்டப் பெயர் இங்கே அலங்காரம் அல்ல. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். திருப்பத்தூர் அதுவரை சேலத்தோடு இருந்தது. எந்த ஆவணத்தை எந்த ஊர் அலுவலகத்தில் தேடுவது என்பதே இந்தப் பெயரைப் பொறுத்தது. தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) பற்றித் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வட ஆற்காட்டுக் குறிப்புகளில் தேடி ஏமாந்த கதை எனக்குத் தெரியும்.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், மாலை 5:02

ஐயா, மன்னிக்கணும். அண்ணன் சொன்னபடி சோதனைக்கு மட்டும் மரியாடிபில ஓட்டிப் பார்த்தேன். நீங்க பார்த்தது அதைத்தான். அக்கா சொன்ன "சத்தமில்லாம வர்ற தப்பு" கண்ணு முன்னாடியே வந்து நின்னுச்சு. எடுத்துட்டேன்.

குடியாத்தம்_தறி | செவ்வாய், மாலை 5:25

நானும் இப்ப எங்க பட்டியலைப் போய்ப் பார்த்தேன். ரெண்டு தொழில் டேக் இருக்கிற உறுப்பினருக்கெல்லாம் ஏதோ ஒண்ணு வந்திருக்கு. லுங்கி நெய்யறவருக்குச் சாயம்னு போட்டிருக்கு. எட்டு மாசமா யாரும் சொல்லலை. சரி, வழி சொல்லும்மா, நானும் மாத்திக்கிறேன்.

வாலாஜா_டிபி | செவ்வாய், இரவு 8:50

ரேஷன் கடையை நினைச்சுக்கங்க. ஒரு வீட்ல நாலு பேர். கடைக்காரர் வரிசையில ஆளை எண்ணினா அந்த வீடு நாலு தடவை வரும். கார்டை எண்ணினா ஒரு தடவை. ஜாயின் ஆளை எண்ணுது. நமக்கு வேண்டியது கார்டு. அதாவது, "இந்த ஊருக்கு இந்த அஞ்சு டேகுல ஏதாவது ஒண்ணு இருக்கா, இல்லையா?" அவ்வளவுதான் கேள்வி. இருக்கா இல்லையான்னு கேட்கிற இடத்துல ஜாயின் போட்டதுதான் மூலப் பிழை. டிஸ்டிங்க்டும் குரூப் பையும் பெருக்கிட்ட பிறகு குப்பையை அள்ளற வேலை. பெருக்காமலே இருக்கலாம்.

அதுக்குத்தான் எக்ஸிஸ்ட்ஸ். வெளிக் கொயரி நோடு டேபிளை மட்டும் தொடும். உள்ளே ஒரு சப்கொயரி: டாக்சானமி இண்டெக்ஸ்ல இந்த நோடு எண்ணுக்கு, இந்த டேகுல ஒண்ணு இருக்கா? முதல் பொருத்தம் கிடைச்சதும் போதும். ட்ரூபல் செலக்ட் பொருள்லயே எக்ஸிஸ்ட்ஸ் என்கிற மெதடு இருக்கு, சப்கொயரியை அப்படியே கொடுக்கலாம்.

மாவட்டப் பேரை இதோட கலக்காதீங்க. பக்கத்துக்கு வேண்டிய 20 நோடு எண் கையில வந்ததும், அந்த 20-க்கு மட்டும் ரெண்டாவது கொயரி போட்டு டேகுகளை எடுங்க. நடப்பு மாவட்டம் எதுன்னு உங்க டேகுலயே ஒரு குறி வச்சு அதைக் காட்டுங்க. அப்போ ஆசிரியர் ஐயா சொன்னதும் சரியாகும்.

சத்துவாச்சாரி_19 | செவ்வாய், இரவு 9:15

அக்கா, சப்கொயரி போட்டா ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு தடவை ஓடி மெதுவாகும்னு கிளாஸ்ல சொன்னாங்க. ஜாயின்தான் வேகம்னு நோட்ஸ்லயே இருக்கு.

வாலாஜா_டிபி | செவ்வாய், இரவு 9:48

உங்க நோட்ஸ் எழுதின காலத்துக்கு அது சரி தம்பி. பழைய மைஎஸ்க்யூஎல் 5.5-ல சப்கொயரி நிஜமாவே தலைவலி. 5.6-ல இன் சப்கொயரியை செமிஜாயினா மாத்தக் கத்துக்கிச்சு, 8.0.16-ல இருந்து எக்ஸிஸ்ட்ஸையும் அப்படியே மாத்துது. செமிஜாயின்னா பேருக்கு ஜாயின், ஆனா இடப்பக்க ரோ பெருகாது. நமக்கு வேண்டியது அதேதான்.

இன்னொண்ணு, டாக்சானமி இண்டெக்ஸ் டேபிளோட பிரைமரி கீயே நோடு எண்ணும் டேக் எண்ணும் சேர்ந்ததுதான். உள்ளே தேடறது நேரா சாவி போட்டுத் திறக்கிற மாதிரி. சந்தேகம் இருந்தா, கொயரி எப்படி ஓடும்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்க, நான் சொன்னேன்னு நம்ப வேண்டாம்.

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 10:30

ட்ரூபல் 6 காலத்துல இருந்து இதுலயே இருக்கிறவன். ஒரு பழைய சங்கதி சொல்றேன், ஏன்னா இந்தக் குழியில ட்ரூபலே ஒருமுறை இறங்கி ஏறியிருக்கு. அப்போ நோடு பார்க்க அனுமதி இருக்கான்னு சோதிக்க, கொயரியை டிபி ரீரைட் எஸ்க்யூஎல் என்கிற ஃபங்ஷன் வழியா அனுப்புவோம். அது அனுமதி டேபிளை ஜாயின் பண்ணி, ரோ பெருகிடக் கூடாதுன்னு டிஸ்டிங்க்டைச் செருகும். ஒருத்தருக்கு ரெண்டு வழியில அனுமதி இருந்தா ரெண்டு ரோ, அப்புறம் டிஸ்டிங்க்ட். அந்தச் செருகலால எத்தனையோ கொயரி உடைஞ்சது, எண்ணிக்கை கோணலாச்சு. 2011-ல ட்ரூபல் 7 வந்தப்போ அதை எடுத்துட்டு எக்ஸிஸ்ட்ஸ் சப்கொயரியாவே மாத்திட்டாங்க.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், காலை 6:15

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். எக்ஸிஸ்ட்ஸ் போட்டதும் பட்டியல் மொத்தமா காலி. ஒரு ஊர் கூட இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. உள்ளே கண்டிஷன்ல சப்கொயரி நோடு எண்ணும் வெளி நோடு எண்ணும் சமம்னுதான் கொடுத்திருக்கேன்.

வாலாஜா_டிபி | புதன், காலை 6:32

கண்டிஷன் மெதடு ரெண்டாவதா கொடுக்கிறதை ஃபீல்டு பேரா எடுக்காது, மதிப்பா எடுக்கும். "என் புள்ளி என்ஐடி" என்கிற எழுத்துச் சரத்தையே எண்ணோட ஒப்பிட்டிருக்கு. மைஎஸ்க்யூஎல் அந்தச் சரத்தை எண்ணாக்கினா 0. நோடு எண் 0 எங்கேயும் இல்லை, அதான் காலி. ரெண்டு ஃபீல்டை ஒப்பிட வேர் மெதடைப் பயன்படுத்துங்க.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், காலை 7:20

வந்துடுச்சு! முதல் பக்கம் 20 ஊர். அணைக்கட்டு ஒண்ணு, அரக்கோணம் ஒண்ணு, ஊசூர் ஒண்ணு. 33 பக்கம் 10 பக்கமாச்சு. எக்ஸ்ப்ளெயின் போட்டேன், ஃபர்ஸ்ட்மேட்ச்னு வருது. முதல் பொருத்தத்தோட நிக்கறதுன்னு அக்கா சொன்னதேதான். லேபிளை ரெண்டாவது கொயரிக்கு மாத்திட்டேன், ஆம்பூருக்குத் திருப்பத்தூர்னு வருது ஐயா.

திருவலம்_ஆசிரியர் | புதன், காலை 10:05

மகிழ்ச்சி. ஆனால் மொத்தம் 193 ஊர் என்று காட்டுகிறது. என் பதிவேட்டில் இந்த வட்டாரத்துக்கு 186 தான். இருமுறை எண்ணினேன். பத்துப் பக்கத்தையும் திறந்து திரையில் இருப்பவற்றையும் டிக் அடித்தேன். அங்கும் 186. ஏழு எங்கிருந்து வந்தது?

குடியாத்தம்_தறி | புதன், காலை 10:40

பதிவேடு வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிக்கிற ஆள் எல்லா ப்ராஜெக்ட்லயும் ஒருத்தர் இருக்கணும்.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், பகல் 1:15

ஐயா எண்ணினதுதான் சரி. திரும்பவும் திரை மறைச்சிருக்கு. கொயரியை நேரா ஓட்டினா திருவலம், மேல்பாடி, வள்ளிமலை உட்பட ஏழு ஊர் ரெண்டு ரெண்டு தடவை. ஆனா இந்தத் தடவை டேக் காரணமில்லை, ஜாயினே இல்லையே. இந்த ஏழுக்கும் பொதுவா என்னன்னு பார்த்தா, ஏழுக்கும் போன மாசம் ஆங்கிலப் பக்கம் எழுதினோம். தலைப்பை மட்டும் தமிழ்லயே விட்டிருந்தோம்.

பாலாற்றங்கரை | புதன், பகல் 1:50

அதுதான் காரணம். உங்க கொயரி படிக்கிற நோடு ஃபீல்டு டேட்டா டேபிள்ல நோடுக்கு ஒரு ரோ கிடையாது, மொழிக்கு ஒரு ரோ. மொழிபெயர்ப்பு சேர்த்த நிமிஷமே ரெண்டாயிடும். டிஃபால்ட் லாங்கோடு 1-னு ஒரு நிபந்தனை சேர்த்தா மூல மொழி ரோ மட்டும் வரும். உங்க தளத்துக்கு மூலம் தமிழ்தானே, அது போதும்.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், பகல் 2:05

186.

செய்யாறு_வாசகன் | புதன், மாலை 3:30

இடையில வர்றதுக்கு மன்னிக்கவும். தளத்துல தலைப்புத் தேடல்ல போளூர்னு அடிச்சா எனக்கு ஒண்ணும் வர்றதில்லை. பக்கம் இருக்கு, திருவண்ணாமலை பட்டியல்ல பார்க்க முடியுது. இதுவும் இதே பிழையா?

வாலாஜா_டிபி | புதன், மாலை 4:10

இல்லை, இது வேற. "போ"-வை ரெண்டு விதமா சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தா வைக்கலாம். இல்லைன்னா ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு எழுத்தா வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. தேடலுக்கு ஓடுற லைக் ஒப்பீடு எழுத்தெழுத்தா பார்க்கும், அதுக்கு ரெண்டும் வேற. பழைய எழுத்துருவில இருந்து மாத்தின கட்டுரையா இருக்கும்னு நினைக்கிறேன். சேமிக்கும்போதும் தேடும்போதும் பிஎச்பி நார்மலைசர்ல, ஒரே எழுத்தா சேர்க்கிற என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுங்க. ஜங்ஷன் தம்பி, இதைத் தனி இழையா போடுங்க, ரெண்டையும் ஒரே பேட்ச்ல (கோடு திருத்தத்துல) கட்டாதீங்க.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், மாலை 4:25

சரி அக்கா. போளூர் மட்டுமில்லை, சோளிங்கருக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. தனியா போடறேன்.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், இரவு 8:30

திருத்தத்தை மாட்யூல்ல சேர்க்கச் சொல்லி மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டேன். பராமரிப்பவர் ஒரு மணி நேரத்துல பதில் போட்டார். வழி பிடிச்சிருக்கு, ஆனா தானா ஓடிச் சரிபார்க்கிற டெஸ்ட் கோடு இல்லாம சேர்க்க மாட்டேன்னார். கேட்டது நியாயம். எட்டு மாசம் யாருக்கும் தெரியாத தப்பு இது, நாளைக்கு இன்னொருத்தர் வேகம்னு நினைச்சு ஜாயினைத் திரும்பக் கொண்டுவந்தா யார் தடுப்பாங்க?

டெஸ்ட்ல எதை எல்லாம் வைக்கலாம்?

சத்துவாச்சாரி_19 | வியாழன், இரவு 9:05

அண்ணா, நான் எழுதிப் பார்க்கட்டுமா? நம்ம ஊர் கணக்கையே வைக்கலாம்னு தோணுது. அஞ்சு டேக். ஒரு நோடுக்கு 3 டேக், ஒண்ணுக்கு 4, ஆரணி மாதிரி ஒண்ணுக்கு 1, டேகே பொருந்தாத ஒண்ணு. பதில் 3 வரணும். மேல்பாடி மாதிரி மொழிபெயர்ப்பு உள்ளதும் ஒண்ணு வேணும்ல?

வாலாஜா_டிபி | வியாழன், இரவு 9:20

வேணும், அப்போ பதில் 4. பக்கம் பிரிக்கிற பேஜரோட மொத்த எண்ணிக்கையையும், முதல் பக்கத்து எண்களையும் ரெண்டையும் சோதிங்க. லோட் பண்ணின நோடை எண்ணாதீங்க, அங்கே டுப்ளிகேட் மறைஞ்சிடும்னு பார்த்தாச்சு. அப்புறம், பழைய கோடு மேல டெஸ்ட்டை மட்டும் ஓட்டுங்க, தோற்கணும். தோற்காத டெஸ்ட் நம்மளைக் காப்பாத்தாது.

சத்துவாச்சாரி_19 | வெள்ளி, அதிகாலை 1:40

கெர்னல் டெஸ்ட் எழுதிட்டேன். பழைய கோடு மேல ஓட்டினேன்: 4 வர வேண்டிய இடத்துல 10 வந்து தோத்துச்சு. 3, 4, 1, அப்புறம் மொழிபெயர்ப்புக்கு ஒரே டேக் ஆனா ரெண்டு மொழி ரோ. கூட்டினா 10, கணக்கும் சரி. புதுக் கோடு மேல 4, ஜெயிச்சுது. அண்ணா, உங்க மெர்ஜ் ரிக்வெஸ்ட் கிளைக்கே தள்ளிட்டேன். இதுதான் என் முதல் பேட்ச்.

குடியாத்தம்_தறி | வெள்ளி, காலை 9:10

எங்க தளத்துல இந்த பேட்ச்சைப் போட்டு ஓட்டினேன், மரியாடிபியில. குரூப் பை எடுத்தாச்சு. சாயப்பட்டறை ஆள் சாயத்துலயும் தறிக்காரர் தறியிலயும் வர்றாங்க. சோதிச்சுப் பார்த்தேன்னு அங்கேயும் எழுதிட்டேன்.

காட்பாடி_ஜங்ஷன் | சனி, மாலை 6:00

நேத்து ராத்திரி சேர்த்துட்டார். அடுத்த வெளியீட்ல வரும். அதுவரைக்கும் வேணுங்கிறவங்க பேட்ச்சா போட்டுக்கலாம். போட்டதும், கேஷைக் காலி பண்ற ட்ரஷ் சிஆர் கட்டளையை ஓட்டிடுங்க, இல்லைன்னா பழைய பட்டியலே கேஷ்ல இருந்து வரும்.

கமிட் செய்தியில சத்துவாச்சாரி தம்பி, வாலாஜா அக்கா, குடியாத்தம் அண்ணன் மூணு பேர் கணக்கும் சேர்ந்திருக்கு. ஆசிரியர் ஐயாவுக்கு அந்தத் தளத்துல கணக்கு இல்லை. 193-ஐ 186-னு பிடிச்சவர் அவர். ஐயா, நாளைக்கு ஞாயிறு, வீட்டுக்கு வந்து ஒரு கணக்கு திறந்து தர்றேன். பதிவேட்டையும் எடுத்து வைங்க, திருவண்ணாமலை பக்கத்து எண்ணிக்கையையும் சரிபார்க்கணும்.

திருவலம்_ஆசிரியர் | சனி, மாலை 7:45

வாருங்கள் தம்பி. காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். திருவண்ணாமலைப் பட்டியலில் படவேடு விடுபட்டிருக்கிறது. குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.